பெண்ணுக்குப் போதை மீட்புச் சிகிச்சை: தேடத் தொடங்கும் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு பெண் குடிநோய்க்கோ மாத்திரைப் பழக்கத்துக்கோ சிகிச்சை பெற வேண்டும் என்றால், அவரும் அவர் வீட்டாரும் முதலில் யாரிடம் போவது, எதைக் கேட்பது, எதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதை வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். 2019ஆம் ஆண்டு மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்தி வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட ஆண்களில் 27.3 விழுக்காட்டினரும் பெண்களில் 1.6 விழுக்காட்டினரும் மது அருந்துகிறார்கள். இந்த இடைவெளியின் விளைவாகவே நம் ஊர்களில் உள்ள பெரும்பாலான மறுவாழ்வு மையங்கள் ஆண்களை மட்டும் மனத்தில் வைத்து அமைந்திருக்கின்றன. அதே ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார் என்றும் சொல்கிறது.

மருந்துகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், அவை அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கின்றன. பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிடுவது வேறு மூன்று கேள்விகள்: பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, யார் யாருக்குத் தெரியவரும், திரும்பி வந்தால் வீட்டில் பழைய இடம் இருக்குமா. இவற்றுக்கு விடை ஏற்பாடு செய்வதும் சிகிச்சையின் பகுதிதான் என்று கொண்டு தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: எந்தப் பொருள், எவ்வளவு, கடைசியாக எப்போது

பெண்களிடம் போதைப் பழக்கம் பெரும்பாலும் மறைவாகவே வளர்கிறது. ஆண் குடிப்பது தெருவுக்குத் தெரியும். பெண் குடிப்பது அரிசித் தொட்டிக்கும் பரணுக்கும் மட்டுமே தெரியும். காலையில் காபி ஆற்றும்போது டம்ளர் டபராவில் மோதிக் கிலுகிலுக்கும் அளவுக்குக் கை நடுங்குவதும், பத்து மணிக்கு மேல் அந்த நடுக்கம் தானாக நின்றுவிடுவதும் குடிநோயின் தெளிவான அடையாளங்கள். இடையில் ஒரு மடக்கு உள்ளே போயிருக்கிறது என்பதே அதற்குப் பொருள்.

மது ஒன்றையே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று எப்போதோ எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் போன்ற மாத்திரையை அதே பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், மூட்டுவலிக்கோ அறுவைச் சிகிச்சைக்குப் பின்னோ தொடங்கிய டிரமடால், டபென்டடால் வகை வலி மாத்திரைகளை விட முடியாமல் இருப்பவர்கள், கோடீன் கலந்த இருமல் மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பவர்கள் எல்லோருக்கும் இதே சிகிச்சைதான் தேவைப்படுகிறது. வெற்றிலையோடு போடும் புகையிலையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அது மட்டுமே பிரச்சினை என்றாலும் கூட.

என்ன பொருள், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக, கடைசியாக எத்தனை மணிக்கு என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலி மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் அதில் இருக்கும், யாரும் நினைவிலிருந்து சொல்லத் தேவையில்லை.

இந்தக் கட்டத்தில் வீட்டார் பெரும்பாலும் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். நாளைக் காலையிலிருந்து ஒரு சொட்டு கூடாது என்று அறைக்குள் பூட்டி வைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும், காய்ச்சலும் சேர்ந்து வரும். அப்படி வந்தால் 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். பேய் பிடித்துவிட்டது என்று வேறு எங்கும் அழைத்துப் போய் நேரத்தை இழக்கக் கூடாது. தூக்க மாத்திரையையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால், மருத்துவர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சோர்ந்து கிடக்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வது நம் வழக்கம். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்குத் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் குறைந்து போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளையைப் பாதிக்கும் கோளாறு தூண்டப்படலாம். ஆகவே, வெட்கப்பட்டுக்கொண்டு வெறும் மயக்கம் என்று சொல்லாமல், குடிப்பார் என்பதை எந்த மருத்துவரிடமும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: முதல் தொலைபேசி அழைப்பும் முதல் மருத்துவரும்

யாரிடம் கேட்பது என்றே தெரியாதபோது, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 தமிழிலும் பேசுகிறது. தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்கிறேன் என்று தொடங்கினாலும் எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியும்.

அடுத்து, அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல நிலையம் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. அவற்றுள் உங்களுக்கு அருகில் உள்ளது எது, அங்கே பெண்களை உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்கிறார்களா என்பதை மேற்சொன்ன எண்களிலேயே கேட்டுக்கொள்ளலாம். தொண்டு நிறுவனங்களில் நெடுநாள் அனுபவம் உள்ளது, கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை. அடையாறு இந்திரா நகரில் உள்ள அதன் மருத்துவமனையை டி.டி.கே. மருத்துவமனை என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். மேல்சிகிச்சைக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் போதைச் சிகிச்சை மையத்துக்கு ஓசூர், சேலம் பக்கத்திலிருந்து போகிறவர்களும் உண்டு.

முதல் நாளில் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு அந்தப் பெண் மாமியாரையோ கணவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு விடை சொல்ல மாட்டார். எனவே, கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று குடும்பத்தாரே மருத்துவரிடம் கேட்டு வெளியே வந்துவிடுவது நல்லது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், வீட்டில் அடி உதை, சிறு வயதில் நேர்ந்த பாலியல் கொடுமை ஆகியவை போதைப் பழக்கத்தோடு வரும் பெண்களிடம் அடிக்கடி காணப்படுகின்றன. இவை வெளிவராமல் குடியை மட்டும் நிறுத்திவிட்டால், அந்த நிறுத்தம் நிலைப்பதில்லை. கல்லீரல் பரிசோதனையோடு கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள், அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கருவுற்றிருந்தால் மருந்துகள் மாறும். கர்ப்ப காலத்தில் மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது. அதே வேளையில், டிரமடால், டபென்டடால் போன்ற அபின் வகை வலி மாத்திரைகளைக் கர்ப்ப காலத்தில் தாமாக நிறுத்துவது கருவுக்கு ஆபத்து என்பதால், மருத்துவர் மேற்பார்வையில் மாற்று மருந்து கொடுத்தே நிலைப்படுத்துவார்கள்.

ஆணைவிடக் குறைவாகத்தானே குடிக்கிறார் என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு மது இரத்தத்தில் கூடுதல் செறிவோடு நிற்கிறது. கல்லீரல் பாதிப்பும் குறைந்த அளவில், குறைந்த ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பத்தாண்டுகளாகக் குடிக்கும் கணவர் நடமாடிக்கொண்டிருக்க, நான்கு ஆண்டுகளாகக் குடிக்கும் மனைவிக்கு மஞ்சள் காமாலை வருவதில் மருத்துவருக்கு வியப்பில்லை.

மூன்றாம் படி: சேர்த்துத்தான் ஆக வேண்டுமா

எல்லோரும் உள்நோயாளியாகச் சேர வேண்டியதில்லை. முன்பு வலிப்பு வந்ததில்லை, அளவு மிதமானது, வீட்டில் பொறுப்பாக மாத்திரை கொடுக்க ஆள் இருக்கிறார், அந்த வீட்டில் வேறு யாரும் குடிக்கவில்லை என்றால், வெளிநோயாளியாகவே வாரம் இருமுறை வந்து போகச் சொல்லலாம். கைக்குழந்தை உள்ளவருக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் இது பெரிய வசதி. வலிப்பு வந்த வரலாறு, தற்கொலை முயற்சி, கர்ப்பம், கல்லீரல் கோளாறு, வீட்டிலேயே மது புழங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சேர்த்துப் பார்ப்பதே மேல். இதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஊருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்பதற்காகத் தொலைதூர மையம் ஒன்றில் ஆறு மாதம் தள்ளிவிடுவது சிகிச்சை ஆகாது.

நான்காம் படி: மையத்தைத் தேர்ந்தெடுத்தல்

இதில் அவசரப்படாதீர்கள். சுவரொட்டியையும் யூடியூப் விளம்பரத்தையும் நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநலப் பாதிப்புகளையும் தன் வரம்புக்குள் கொண்டு வந்திருக்கிறது. உள்நோயாளிகளை வைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிற மையத்தில் தேநீர் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடலாம்.

பிறகு கேட்க வேண்டியவை பெண்ணுக்கே உரியவை. பெண்களுக்குத் தனித் தளமும் தனிக் கழிப்பறையும் இருக்கின்றனவா, இரவில் பெண் செவிலியர் இருக்கிறாரா அல்லது காவலர் மட்டும்தானா, ஆலோசகர்களில் பெண் உண்டா, கண்காணிப்புக் கேமரா எங்கெங்கே வைக்கப்பட்டிருக்கிறது, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆண்கள் இருபது பேர் இருக்கும் இடத்தில், மாடியில் ஓர் அறை ஒதுக்கித் தருகிறோம் என்று சொன்னால் அது பெண்களுக்கான சிகிச்சை ஆகிவிடாது. முதல் மாதம் வீட்டாரைப் பார்க்கவே விடமாட்டோம், தொலைபேசியும் கிடையாது என்பதை ஒழுங்கு என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அங்கே உள்ளே நடப்பது வெளியே வரக் கூடாது என்பதுதான் அந்த ஒழுங்கின் உட்பொருள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

சட்டம் இந்த இடத்தில் நல்ல துணையாக நிற்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது எவ்வகையிலும் கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. விருப்பத்துக்கு மாறாகச் சீருடை அணியச் சொல்லவோ வேலை வாங்கவோ கூடாது. மாதவிடாய்க் காலத்துக்கு வேண்டிய பொருள்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சுயவிருப்பத்தோடு சேர்ந்தவர் தாமே வெளியேறக் கேட்கலாம். சுயமாக முடிவெடுக்க முடியாத நிலையில் உள்ளவரைச் சேர்க்க, அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை முடிவுகளில் துணை நிற்க அவர் முன்பே எழுத்தில் நியமித்தவர், விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியே பரிசோதித்துப் பரிந்துரைக்க வேண்டும். முதல் தடவையில் 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அப்படிச் சேர்க்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் மூன்று நாட்களுக்குள் மனநல மறு ஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆணுக்கு இந்தக் கெடு ஏழு நாட்கள்.

நியமனப் பிரதிநிதி என்ற ஏற்பாட்டைப் பலரும் அறிவதில்லை. கணவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அக்காவையோ தம்பியையோ நம்பிக்கையான தோழியையோ, 18 வயது நிரம்பிய யாரை வேண்டுமானாலும், அவர் சம்மதத்தோடு, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமித்துவிடலாம். கணவரோடு பிணக்கு உள்ள பெண் தெளிவாக இருக்கும் நாளிலேயே இதை எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

செலவைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்ற இதே சட்டத்தின் விதியைச் சொல்லிக் கேளுங்கள். எனினும் போதைச் சிகிச்சையை விலக்கி வைக்கும் வரி உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

பெண்கள் சேர மறுப்பதற்கும், சேர்ந்து நான்காம் நாளே கிளம்பி வருவதற்கும் பெரும்பாலும் காரணம் பிள்ளைகள். “எங்கேம்மா இருக்கே?” என்று தொலைபேசியில் ஒரு குரல் கேட்டால் போதும், மருத்துவர் சொன்னதெல்லாம் பறந்துவிடும். ஆகவே, சேரும் நாளுக்கு முன்பே ஓர் ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்: காலையில் பள்ளிக்கு யார் அனுப்புவது, மதியச் சோறு யார் பொறுப்பு, இரவில் பிள்ளை யாரோடு படுக்கும், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது. சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தவறில்லை. இந்த ஏற்பாட்டை அந்தப் பெண்ணே சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தன் பிள்ளையைத் தன்னைவிட நன்றாக அறிந்தவர் இல்லை என்ற இடம் அவருக்கு அப்போது திரும்பக் கிடைக்கிறது, அந்த மதிப்போடு அவர் கிளம்புகிறார்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை, மனநல மையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாயின் நிலையால் குழந்தைக்கு ஆபத்து உண்டு என்று மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் தாய் மேற்பார்வையில் குழந்தையைப் பார்க்கலாம், அந்த முடிவை 15 நாட்களுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நடைமுறையில் குழந்தைக்குத் தொட்டில் போட இடமுள்ள மையங்கள் மிகக் குறைவு. சட்டம் இருக்கிறதே என்று நம்பிப் பெட்டியோடு போய் நிற்காமல், முன்பே தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். இடமில்லை என்றால் அரசு மருத்துவமனையில் துணைக்கு ஒருவரோடு தங்கும் வார்டு கிடைக்குமா என்று கேளுங்கள்.

பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டாம். அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்ற கதை, தெருவில் யாரோ ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தையில் உடைந்துவிடும். அம்மாவுக்கு ஒரு நோய், அதற்கு மருத்துவமனையில் இருக்கிறார், இத்தனை நாளில் வருவார், அது உன்னால் வந்ததில்லை என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். உறவினர்களுக்கு இந்த அளவு விளக்கம் தேவையில்லை. கல்லீரலில் கோளாறு என்பது பல நேரங்களில் உண்மையாகவே இருக்கும், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மருத்துவமனையும் நோயாளியின் விவரத்தை வெளியாருக்குத் தரக் கூடாது. ரகசியம் காப்பது நோயாளியின் சட்ட உரிமை. பின்னாளில் விவாகரத்திலோ பிள்ளைப் பொறுப்பு வழக்கிலோ இதை எடுத்து வீசுவார்களோ என்ற அச்சம் பல பெண்களுக்கு உண்டு. முன்பு சிகிச்சை பெற்றார் என்ற காரணம் ஒன்றை வைத்தே ஒருவரை இன்றும் மனநோயாளி என்று தீர்மானிக்க முடியாது என்று சட்டம் தெளிவாகக் கூறுகிறது.

பையில் வைக்க வேண்டியவை சாதாரணமானவைதான்: ஆதார் அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், சாப்பிடும் மற்ற மருந்துகள், மாற்றுத் துணி, சானிட்டரி நாப்கின், மூக்குக்கண்ணாடி. நகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: உள்ளே என்ன நடக்கும்

முதல் வாரம் உடலுக்கானது. குடியை நிறுத்தியதும் வரும் தொல்லைகளைக் கட்டுப்படுத்த டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரைகளைக் கூடுதலாகத் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின் ஊசி போடுவார்கள். தூங்கித் தூங்கி விழுவார், சரியாகப் பேச மாட்டார். வீட்டார் பார்த்துவிட்டு, போதையை நிறுத்த இன்னொரு போதையைக் கொடுக்கிறார்களே என்று சண்டை போடுவது இந்த நாட்களில்தான். அந்த மாத்திரை நிரந்தரமானதில்லை.

இரண்டாம் வாரம் தெளிவு வரும். கூடவே குற்ற உணர்ச்சியும் வரும். தனி ஆலோசனையும் குழு அமர்வும் அப்போது தொடங்குகின்றன. எந்த நேரத்தில், எந்தச் சண்டைக்குப் பின், யாரைப் பார்த்தால் குடிக்கத் தோன்றுகிறது என்பதைத் தாமே கண்டுபிடித்து எழுதச் சொல்வார்கள். கலப்புக் குழுவில் பெண்கள் வாய் திறப்பது அரிது; பெண்கள் மட்டும் உள்ள குழு இல்லை என்றால், தனி அமர்வுகளைக் கூட்டித் தரக் கேட்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து தேவை என்றால் அதையும் இப்போதே தொடங்குவார்கள்.

ஏழாம் படி: குடும்பம் செய்ய வேண்டிய சிகிச்சை

மருத்துவமனை வாசலில் ஒரு வேறுபாட்டை எளிதில் பார்க்கலாம். கணவர் சேர்ந்திருந்தால் மனைவி நாள்தோறும் சாப்பாட்டுக் கூடையோடு வருகிறார். மனைவி சேர்ந்திருந்தால் அவருடைய தாய் வருகிறார், அல்லது யாரும் வருவதில்லை. குடும்பத்தாருக்கான அமர்வுக்கு வரச் சொன்னால், எங்களுக்கு என்ன நோய், நாங்கள் ஏன் வர வேண்டும் என்று கேட்கிறார்கள். டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்தாருக்கு என்றே தனி நிகழ்ச்சி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: குடிநோய் உள்ள வீட்டில் மற்றவர்களும் கத்துவது, கெஞ்சுவது, மறைப்பது, உளவு பார்ப்பது என்று பழகிப் போயிருப்பார்கள், நோயாளி குடியை நிறுத்திய பிறகும் அவர்களுக்கு அந்தப் பழக்கம் நிற்காது. விடுப்பு எடுத்தாவது கணவர் போக வேண்டும்.

வீட்டில் பின்பற்ற வேண்டியவற்றுள் முதலாவது, பேசும் நேரம். போதையில் இருக்கும்போது எந்தப் பேச்சும் வேண்டாம். மறுநாள் தெளிந்த பின், ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் குறிப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். “நேத்து அடுப்பு எரிஞ்சிட்டே இருந்துச்சு, நீ தூங்கிட்ட, எனக்குப் பயமா இருந்துச்சு, நாளைக்கு டாக்டர்கிட்ட போலாமா” என்ற அளவு போதும். ஒரு தாயா நீ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் அவரை அடுத்த பாட்டிலிடம் அனுப்பும். குடிக்காத நாளில் சேர்ந்து சாப்பிடுவது, கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ போய் வருவது போன்றவற்றை வேண்டுமென்றே கூட்டுங்கள். தெளிவாக இருக்கும் பொழுதுக்கு வீட்டில் மதிப்பு இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகள். சிலர், குடியை விட மருத்துவர் எழுதித் தரும் டைசல்பிரம் மாத்திரையையே பொடித்துக் குழம்பில் போடுகிறார்கள். அந்த மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். நோயாளியின் சம்மதம் இல்லாமல் கொடுப்பது சட்டப்படியும் தவறு, மருத்துவப்படியும் தவறு.

கணவரும் குடிக்கிறவராக இருந்தால், மனைவி திரும்பி வருவதற்குள் வீட்டிலிருந்து மது வெளியேற வேண்டும். ஒரே அறையில் ஒருவர் குவார்ட்டரோடு உட்கார்ந்திருக்க, மற்றவர் மன உறுதியோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. முடிந்தால் இருவரும் ஒரே நேரத்தில் சிகிச்சைக்குப் போகலாம். முடியாது என்றால் சில மாதங்கள் தாய்வீட்டில் தங்குவதை மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.

அடி உதை இருக்கும் வீடு என்றால் வழி வேறு. பெண்களுக்கான உதவி எண் 181. சகி எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவ, சட்ட, தற்காலிகத் தங்குமிட உதவிகள் ஒரே இடத்தில் கிடைக்கும். குடிக்கிறவள் என்பதற்காக வீட்டை விட்டுத் துரத்த முடியாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், சொத்து யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. மாவட்டச் சமூக நல அலுவலகம் வழியாகப் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு, அதற்கான எண் 15100.

எட்டாம் படி: வீடு திரும்பிய பின்

வெளியே வரும் நாளிலேயே அடுத்த சந்திப்பின் தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளைக் கொடுத்திருக்கலாம். அவருடைய முழு ஒப்புதலோடு டைசல்பிரம் கொடுத்திருந்தால், கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை மதுவோடு சேராது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கும், நாட்டு மருந்துக்கடை அரிஷ்டமும் இந்தக் கணக்கில் சேரும். மாத்திரையை இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், அது அவரே தேர்ந்தெடுத்த ஒருவராக இருக்கட்டும். மாமியார் நாள்தோறும் வாயைத் திறந்து காட்டச் சொல்லும் வீட்டில் மாத்திரை நெடுநாள் நீடிக்காது.

அபின் வகை வலி மாத்திரையோ ஊசியோ பயன்படுத்தியவர்களின் குடும்பம் இன்னொன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சில வாரங்கள் நிறுத்தியிருந்தபோது உடலின் தாங்கும் திறன் குறைந்துவிட்டிருக்கும். பழைய அளவை ஒருமுறை எடுத்தாலே மூச்சு அடங்கிப் போகலாம். மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து, எழுப்பினால் எழவில்லை என்றால் உடனே 108.

குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. கூட்டங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பின் நம் ஊர்க் கூட்டங்களில் ஆண்களே நிறைந்திருப்பார்கள். முதல் தடவை ஒரு பெண் தனியாகப் போய் உட்காருவது எளிதில்லை என்பதால், பெண்கள் கூட்டமோ இணையவழிக் கூட்டமோ உண்டா என்று விசாரித்து அதில் தொடங்கலாம். குடும்பத்தாருக்கு அல்-அனான், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனி அமைப்புகள் இருக்கின்றன. பிள்ளைகளின் படிப்போ பாதுகாப்போ கெடும் நிலை இருந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

வேலையும் வருமானமும் மருந்துக்கு அடுத்தபடியாக முக்கியம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தவரை, தவணை தவறினார் என்று நீக்கியிருக்கலாம். குழுத் தலைவியிடம் பேசி நிலுவையைச் சிறு தொகைகளாகக் கட்ட ஒப்புதல் வாங்கிக் கொடுப்பது, ஆயிரம் அறிவுரைகளைவிடப் பயன் தரும். கையில் பணமே தரக் கூடாது என்று முடிவு செய்யும் குடும்பங்கள், எவ்வளவு நாளைக்கு, பிறகு எப்படிப் படிப்படியாகத் திருப்பித் தருவோம் என்பதையும் ஆலோசகர் முன்னிலையில் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

முதல் ஓராண்டுக்குள் மறுபடி குடிப்பது பலருக்கும் நேர்வதுதான். ஆணுக்கு அது நேர்ந்தால் மீண்டும் கூட்டிப் போகிறார்கள். பெண்ணுக்கு நேர்ந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருத்துவரைப் பார்ப்பது போலவே இதற்கும் 48 மணி நேரத்துக்குள் சிகிச்சை தந்த மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்துவிட வேண்டும். இரண்டு நாள் குடித்தவரை மீட்பது இரண்டு மாதம் குடித்தவரை மீட்பதைவிட எளிது. இதற்காகவே, வீடு திரும்பிய முதல் வாரத்தில், அவர் தெளிவாக இருக்கும்போது, மறுபடி குடித்துவிட்டால் முதலில் யாரைக் கூப்பிடுவது, பிள்ளைகளை அன்று இரவு யார் வீட்டில் விடுவது, எந்த மருத்துவமனைக்குப் போவது, யார் கூட வருவது என்ற நான்கையும் ஒரு தாளில் அவர் கையெழுத்திலேயே எழுதி, ஒரு பிரதியை அவருடைய நியமனப் பிரதிநிதியிடம் கொடுத்து வையுங்கள்.